செகாவ் முறையில் நடிப்பு சொல்லிக்கொடுக்கச் சான்றிதழ் வேண்டுமா?

கேட்டவர் ஆறேழு வருடமாக மேடையில் நடிக்கிறார். ரஷ்ய நடிகர் மைக்கேல் செகாவ் உருவாக்கிய நடிப்பு முறையில் இரண்டு ஒர்க்‌ஷாப் முடித்திருக்கிறார். இனி அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. சான்றிதழ் கட்டாயமா, யார் தருகிறார்கள், எவ்வளவு காலம் பிடிக்கும், வாங்கினால் வேலை கிடைக்குமா என்பது அவருடைய கேள்வி.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: கட்டாயம் இல்லை. மருத்துவருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல நடிப்பு ஆசிரியருக்கு உரிமம் எதுவும் கிடையாது. நாளைக்கே ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, ‘செகாவ் முறைப் பயிற்சி’ என்று போஸ்டர் ஒட்டினால் யாரும் வந்து பிடிக்கப்போவதில்லை. அப்படிப் பலர் செய்கிறார்கள், அவர்களில் சிலர் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்புறம் எதற்குச் சான்றிதழ்? எனக்குத் தெரிந்து அதில் பெறுமதியான விஷயம் ஒன்றுதான். நீங்கள் பாடம் நடத்தும்போது, விஷயம் தெரிந்த ஒருவர் அறையின் மூலையில் உட்கார்ந்து பார்த்தாரா, பார்த்ததை உங்களிடம் சொன்னாரா? சான்றிதழுக்குப் பின்னால் அது இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தில் நாலு நாடகம் போடலாம்.

செகாவ் முறையைப் பொறுத்தவரை இந்த எண்ணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது, அதனால் கொஞ்சம் கதை சொல்கிறேன்.

மைக்கேல் செகாவ், எழுத்தாளர் ஆன்டன் செகாவின் அண்ணன் மகன். 1891-இல் பிறந்தவர். மாஸ்கோ கலை அரங்கின் முதல் ஸ்டுடியோவில், பேர்பெற்ற இயக்குநரும் நடிப்பு ஆசானுமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கியிடம் பாடம் கேட்டவர். 1928-இல் சோவியத் நாட்டை விட்டு வெளியேறி, ஐரோப்பாவில் ஊர் ஊராக அலைந்து, 1935-இல் ஒரு ரஷ்யக் குழுவோடு நியூயார்க்கில் நடித்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்த இளம் பெண்கள் இரண்டு பேர், இவரிடம்தான் கற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒருவர் பியாட்ரிஸ் ஸ்ட்ரெயிட். இன்னொருவர் கனடாவிலிருந்து வந்த டீர்ட்ரே ஹர்ஸ்ட். பியாட்ரிஸின் தாயார் டாரதியும் மாற்றாந்தந்தை லெனர்ட் எல்ம்ஹர்ஸ்ட்டும் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்டிங்டன் ஹால் என்ற பெரிய பண்ணையை வாங்கி, அதில் கல்வியும் கலையும் விவசாயமும் சேர்ந்த ஒரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்த எல்ம்ஹர்ஸ்ட் அதற்குமுன் தாகூருக்குத் துணையாக, வங்காளத்தில் அவருடைய கிராமப் பணி மையமான ஸ்ரீநிகேதனில் வேலை பார்த்தவர். டார்ட்டிங்டன் யோசனையின் ஒரு வேர் வங்காளத்தில் இருக்கிறது. செகாவை அங்கே அழைத்தார்கள்.

நாடகப் பள்ளி 1936 அக்டோபரில்தான் திறந்தது. ஆனால் அதற்கு முன்பே, அந்த ஆண்டின் முற்பகுதியில், செகாவ் ஒரு வகுப்பைத் தொடங்கிவிட்டார். மாணவிகள் இரண்டே பேர், பியாட்ரிஸும் டீர்ட்ரேயும். அது நடிகர்களுக்கான வகுப்பு அல்ல, ஆசிரியர்களுக்கான வகுப்பு. பள்ளி திறந்ததும் இவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செகாவுக்கு அப்போது ஆங்கிலம் சரளமாக வராது. டீர்ட்ரே அவர் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார். பின்னாளில் புத்தகமாகவும் வந்த அந்தக் குறிப்புகள் இன்றைக்கும் செகாவ் ஆசிரியர்கள் கையில் இருக்கின்றன. அதாவது, பள்ளிக்கூடம் கட்டி முடிப்பதற்கு முன்பே வாத்தியார்களை உருவாக்க உட்கார்ந்த மனிதர் இவர். மற்ற பெரிய நடிப்பு முறைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழ்.

(ஒரு சின்னக் கிளைக்கதை. நடனக் கலைஞர் உதய் சங்கரும் அதே காலத்தில் டார்ட்டிங்டனுக்கு வந்துபோனவர். அல்மோராவில் அவர் தொடங்கிய கலை மையத்துக்கு எல்ம்ஹர்ஸ்ட் குடும்பத்தின் பணம்தான் பெரிய உதவி. அந்த மையத்தில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கப் போனவர், பாலசரஸ்வதியின் குரு கந்தப்பா பிள்ளை. அவர் எந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனார்?)

பிறகு போர் நெருங்கியது. 1938 இறுதியில் பள்ளி அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்டுக்கு இடம்பெயர்ந்தது. ஆண் மாணவர்களைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொள்ள, 1942-இல் மூடிவிட்டார்கள். செகாவ் ஹாலிவுட் போனார், படங்களில் நடித்தார், ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். மர்லின் மன்றோ, ஆன்டனி குயின் போன்றவர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். 1955-இல் இறந்தார். அவருக்குப் பின் கால் நூற்றாண்டு இந்த முறை பெரும்பாலும் அவரிடம் நேரே படித்தவர்களின் கையில், தனித்தனியாகத்தான் இருந்தது. 1980-இல் பியாட்ரிஸ் ஸ்ட்ரெயிட் நியூயார்க்கில் செகாவ் பெயரில் ஒரு ஸ்டுடியோவை மறுபடி தொடங்கிவைத்தார். (1976-இல் வந்த ‘நெட்வொர்க்’ படத்தில் ஐந்து நிமிடம் மட்டும் வந்து ஆஸ்கர் வாங்கியவர் இவர்தான். அந்த ஐந்து நிமிடத்தைத் தேடிப் பாருங்கள்.) 1990-களில் பெர்லினிலும் இங்கிலாந்திலும் சர்வதேசச் சந்திப்புகள் நடந்தன. 1999-இல் செகாவின் நேரடி மாணவியான ஜோஆனா மெர்லினும் மற்றவர்களும் சேர்ந்து மைக்கேல் செகாவ் அசோசியேஷனை அமைத்தார்கள். சுருக்கமாக மிகா என்பார்கள். செகாவின் மாணவி மாலா பவர்ஸ் பங்கெடுத்த நேஷனல் மைக்கேல் செகாவ் அசோசியேஷன் என்று இன்னொன்றும் அமெரிக்காவில் உண்டு. ஐரோப்பாவில் தனி வலையமைப்பு இருக்கிறது.

ஆக, ‘யார் தருகிறார்கள்’ என்பதற்கு ஒரே விலாசம் கிடையாது. ஒரே மூலத்திலிருந்து பிரிந்த பல கிளைகள் தருகின்றன. ஒரு கிளையின் சான்றிதழை இன்னொரு கிளை மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். நம் ஊரில் கூத்துக்குப் பாணி கேட்பதுபோல, அங்கே ‘யாரிடம் படித்தீர்கள்’ என்றுதான் கேட்பார்கள். பெரும்பாலான பயிற்சிகள் கோடை விடுமுறையை ஒட்டிய தீவிர முகாம்களாக இருக்கும், ஏனென்றால் வருபவர்களில் பலர் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பிப்பவர்கள். முகாமுக்குப் போய்வந்த சான்றிதழ் வேறு, கற்பிக்கத் தகுதி என்று தரும் சான்றிதழ் வேறு. விண்ணப்பிக்கும் முன் இந்த வித்தியாசத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் பார்த்த குழப்பங்களில் முக்கால்வாசி இதில் வந்ததுதான்.

மற்ற முறைகளோடு ஒப்பிட்டால் கால அளவு புரியும். இருப்பதிலேயே கறாரானது அலெக்ஸாண்டர் டெக்னிக். அது நேரடியாக நடிப்பு முறை அல்ல, உடலைப் பயன்படுத்தும் முறை. ஆனால் அதைக் கண்டுபிடித்த எஃப். எம். அலெக்ஸாண்டர் ஆஸ்திரேலியாவில் மேடையில் வசனம் ஒப்பிக்கும் கலைஞர். மேடையில் தொண்டை கட்டிக்கொண்டே இருந்ததால் கண்ணாடி முன்னால் நின்று தன்னையே கவனிக்க ஆரம்பித்தவர். லண்டனின் பெரிய நாடகப் பள்ளிகளில் இன்றும் அது பாடம். 1931-இல் அவர் முதல் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கியபோதே மூன்று ஆண்டு என்று வைத்தார். இப்போது பிரிட்டனின் ஆசிரியர் சங்கம் கேட்பது மூன்று ஆண்டில் 1,600 மணி நேரம், அதில் பெரும்பகுதி செய்முறை. கைவைத்துக் கற்பிக்கும் வித்தை என்பதால் புத்தகம் படித்துத் தேற முடியாது.

எதிரே நடிப்பவரைக் கவனித்து அந்தக் கணத்தில் எதிர்வினை காட்டப் பழக்கும் மைஸ்னர் முறையில் கதை வேறு. சான்ஃபர்ட் மைஸ்னர் நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸில் பல பத்தாண்டுகள் கற்பித்தார். அவரிடம் ஆசிரியராகப் பழகிய வில்லியம் எஸ்பர், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவரோடு வேலை பார்த்தவர். 1965-இல் தனி ஸ்டுடியோ தொடங்கி, 1977 முதல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நடிப்புப் படிப்பை உருவாக்கினார். அவர் மைஸ்னரிடம் பழகிய விதம், பக்கத்தில் உட்கார், பார், பிறகு ஒரு பயிற்சியை நீ நடத்து, தப்பானால் நான் குறுக்கிடுகிறேன் என்கிற பழைய சங்கதி. இன்று மைஸ்னர் பெயரில் ஒரு வாரத்தில் ‘ஆசிரியர்’ ஆக்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. மைஸ்னருடைய அடிப்படைப் படிப்பு நடிகருக்கே இரண்டு ஆண்டு. பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதும் முறைக்கு முறை மாறும். அசைவின் வழியே உடலைப் பழக்கும் ஃபெல்டன்கிரைஸ் முறை அமெரிக்காவில் பதிவு செய்த பெயர், பயிற்சி முடிக்காதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது.

சரி, ஆசிரியர் பயிற்சியில் உண்மையில் என்னதான் நடக்கும்? பாதி நேரம் நீங்கள் மறுபடியும் மாணவர்தான். ஆனால் வேறு காதோடு கேட்கிறீர்கள். ஆசிரியர் ஏன் இந்தப் பயிற்சியை இப்போது வைத்தார், எங்கே நிறுத்தினார், அவர் சொன்ன எந்தச் சொல்லில் அறை மாறியது என்று குறித்துக்கொள்கிறீர்கள். மீதி நேரம் சக ஆசிரியர்களை மாணவர்களாக வைத்து நீங்கள் நடத்துகிறீர்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொன்னால் விளங்கும். செகாவ் முறையில் எல்லோரும் முதலில் கற்கும் பயிற்சிகளில் ஒன்று, ஆறு திசைப் பயிற்சி. வலம், இடம், மேல், கீழ், முன், பின் என்று ஆறு திசையிலும் உடம்பு முழுவதையும் செலுத்தி ஓர் அசைவு. முதலில் மெதுவாக, ஒழுகும் விதமாக. பிறகு வெடுக்கென்று, துண்டு துண்டாக. இதை நான் சென்னையில் ஒரு வருடமாக நடத்திவந்தேன், நன்றாக வருகிறது என்றே நம்பியிருந்தேன். ஓர் ஆசிரியர் பயிற்சியில் அதையே பத்து நிமிடம் நடத்தச் சொன்னார்கள். “வலம், இடம், மேலே, கீழே” என்று உரக்கச் சொல்லி, கையைத் தட்டி, உற்சாகமாக நடத்தினேன். எல்லோருக்கும் வியர்த்தது. முடிந்ததும் மூலையிலிருந்த அம்மையார் ஒரே கேள்வி கேட்டார்: “அவர்கள் எப்போது ஆரம்பித்தார்கள்?”

எனக்குப் புரியவில்லை. அவரே எழுந்து வந்து எங்கள் எல்லோரையும் வலப்பக்கம் ஒரே ஒரு அசைவு செய்யச் சொன்னார். ஆனால் அசையும் முன், அசையப் போகிறோம் என்ற எண்ணம் உள்ளே எழும்வரை காத்திருக்க வேண்டும். அசைந்து முடித்த பிறகும், கை நின்ற இடத்தைத் தாண்டி அந்த அசைவு சுவருக்கு அப்பால் போய்க்கொண்டிருப்பதாக விட வேண்டும். ஒரே அசைவுதான். அறை சட்டென்று அமைதியாகிவிட்டது. என் கைத்தட்டல் அந்தத் தொடக்கத்தையும் அந்த நீட்சியையும் ஒரு வருடமாகத் தின்றுகொண்டிருந்தது. நான் நடத்தியது பள்ளிக்கூட டிரில். ஆறு திசைகளும் சரி, வரிசையும் சரி, செகாவ் மட்டும் அதில் இல்லை.

இதை எந்தப் புத்தகமும் எனக்குக் காட்டியிருக்காது, ஏனென்றால் புத்தகத்தில் இருப்பதை நான் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

உளவியல் சைகையும் இப்படித்தான். பாத்திரத்தின் ஆசையை ஒரு முழு உடல் சைகையாகக் கண்டுபிடிப்பது அந்தப் பயிற்சி. தள்ளுவது, இழுப்பது, தழுவுவது, கிழிப்பது என்று ஏதோ ஒன்று. ஒத்திகையில் அதைப் பெரிதாகச் செய்துவிட்டு, மேடையில் அதை உள்ளே மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பார்வையாளருக்கு அந்தச் சைகை தெரியக் கூடாது, அதன் வேகம் மட்டும் குரலிலும் கண்ணிலும் வர வேண்டும். புது ஆசிரியர்கள் பெரிய சைகையைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய் அங்கேயே நின்றுவிடுவார்கள். மாணவர் மேடையில் கையை வீசிக்கொண்டு நிற்பார். சைகையை வெளியே வரவைப்பது சுலபம். அதை உள்ளே அனுப்பக் கற்றுக்கொடுப்பதுதான் ஆசிரியரின் வேலை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, கொஞ்சம் கனமானது. நடிப்பு வகுப்பில் ஆட்கள் உடைந்து அழுவார்கள். சொந்த வாழ்க்கையின் காயத்தைக் கிளறி உணர்ச்சி வரவழைக்கும் வழியைச் செகாவ் ஏற்கவில்லை. கற்பனையிலிருந்து வரட்டும் என்றார். அவரைப் பற்றி ஒரு கதை நாடகக்காரர்கள் சொல்வார்கள்: இளம் வயதில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி முன் தன் தந்தையின் சாவுச் சடங்கை நினைவுகூர்ந்து நடித்தாராம், குரு நெகிழ்ந்து கட்டிக்கொண்டாராம், அப்புறம்தான் தெரிந்ததாம் தந்தை உயிரோடு இருக்கிறார் என்று. கதை இருக்கட்டும். உங்கள் வகுப்பில் ஒருவர் கட்டுப்பாடு இழந்து அழத் தொடங்கினால் அடுத்த முப்பது விநாடியில் என்ன செய்வீர்கள்? நல்ல பயிற்சிகளில் இதைத் தனியாகப் பேசுவார்கள். பயிற்சியிலிருந்து ஆளை எப்படி வெளியே கொண்டுவருவது, வாசலைத் தாண்டுவதுபோல ஒரு தொடக்கமும் முடிவும் எப்படி வைப்பது என்று செய்து காட்டுவார்கள். இதைப் பற்றி வாயே திறக்காத பயிற்சிக்கு, எத்தனை பெரிய பெயராக இருந்தாலும், நான் ஆளை அனுப்ப மாட்டேன்.

பணம் கட்டும் முன் அமைப்பாளர்களிடம் கேளுங்கள்: நான் எத்தனை முறை பாடம் நடத்துவேன்? யார் பார்ப்பார்? எழுத்தில் கருத்துச் சொல்வீர்களா? தகுதி போதாது என்று யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு “வந்த எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம்” என்று பதில் வந்தால் அது வருகைச் சான்றிதழ். சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமா, அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முழுக்க ஆன்லைன் என்றால் எனக்குத் தயக்கம். சூழலை, அதாவது ஓர் அறையின் காற்றில் இருக்கும் மனநிலையை, உணர்வது இந்த முறையின் மையங்களில் ஒன்று. அதைத் திரையில் கற்றுவிடலாம் என்று சொல்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை, ஆனால் ஒரு தடவையாவது நேரில் போங்கள்.

வேலை விஷயம். இந்தியாவில் பல்கலைக்கழக நாடகத் துறையில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் செகாவ் சான்றிதழ் உங்களுக்கு வாசலைத் திறக்காது. அங்கே பொதுவாகக் கேட்பது முதுகலைப் பட்டமும் யுஜிசி நெட் தேர்வும்தான். நெட்டில் நாடகத்தையும் நடனத்தையும் சேர்த்த நிகழ்த்துகலைப் பாடம் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்த்துகலைப் பள்ளி போன்ற இடங்களில் முதுகலை படிக்கலாம். டெல்லியின் தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு. அமெரிக்காவிலும் இதே நிலைமைதான்: பல்கலைக்கழக வேலைக்கு எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுகலைப் பட்டம்தான் அடிப்படை, இந்தச் சான்றிதழ் அதன்மேல் வைக்கும் அலங்காரம். சென்னையில் தனியாக வகுப்பு எடுக்கவோ சினிமா நடிகர்களுக்குப் பயிற்சி கொடுக்கவோ நினைத்தால், உங்களிடம் படித்த நாலு பேர் மேடையில் எப்படி நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். என்னிடம் இதுவரை யாரும் சான்றிதழைக் காட்டச் சொன்னதில்லை. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், வீட்டில் மாமியார் மட்டும் அவ்வப்போது தூசு தட்டுவார்.

சான்றிதழ் இல்லாமலே தொடங்குவதானால் போஸ்டரில் என்ன எழுதுவது என்று யோசியுங்கள். ‘செகாவ் முறை ஆசிரியர்’ என்று போடாதீர்கள். ‘செகாவ் முறைப் பயிற்சிகளைப் பயன்படுத்தும் நடிப்பு வகுப்பு’ என்று போடலாம், அது உண்மை. யாரிடம், எத்தனை நாள் கற்றீர்கள் என்பதையும் கீழே சிறிதாகப் போடுங்கள். பின்னால் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, பெயரை ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்தியவர் என்ற மனத்தாங்கல் வராது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், இரண்டு ஒர்க்‌ஷாப்போடு உடனே ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க மாட்டேன். தெரிந்த நடிகர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு, வாரம் ஒரு மாலை, காசு வாங்காமல், இரண்டு மூன்று பயிற்சிகளை மட்டும் ஆறு மாதம் நடத்துவேன். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் எந்த இடத்தில் ஆட்கள் தொலைந்துபோனார்கள் என்று நோட்டில் எழுதுவேன். நடுவில் ஒரு தடவை, உங்களைவிட அதிகம் கற்பித்த ஒருவரை, வேறு முறைக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பாராட்டு வேண்டாம், எங்கே சலிப்புத் தட்டியது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அந்த நோட்டோடு பயிற்சிக்குப் போனால், பத்து நிமிடம் நடத்தச் சொல்லும்போது எதை நடத்துவது என்று நீங்கள் திணற மாட்டீர்கள்.